நாளைக்குப் போய்விடும் அட்டை

அடுப்பும் படுக்கையும் உள்ளேயே வைத்த ஒரு பழைய வேனில், டிரைவர் பக்கத்து சீட் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது. "நாளைக்குப் போயிடுவேன்" என்று சொல்லித்தான் அது வந்தது. வந்து மூன்று வருஷம் ஆகிறது.

மலைக்குக் கிளம்பிய காலையில் வேன்காரரின் மனைவி செண்பகவல்லி சொன்னார்: "இன்னொரு தரம் ஆடட்டும், இந்த சீட்டைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

"அய்யோ, என்னைப் போட்டுடுவாங்களாண்ணே?" என்றது சீட்.

"பயப்படாத தம்பி, நான் தாங்குறேன்ல?" என்றது அட்டை.

"நீங்க தாங்குறதாலதாண்ணே என்னை யாரும் முறுக்க மாட்டேங்கிறாங்க," என்றது சீட்டின் காலில் பாதி கழன்றிருந்த போல்ட். "கொஞ்சம் நகருங்களேன்."

"நான் நகர்ந்தா வண்டியே கவுந்துடும்!"

சீட் யோசித்தது. முதல் வளைவிலேயே துணிந்து ஒரு பெரிய ஆட்டம் ஆடியது. அட்டை தெறித்து அடுப்புப் பக்கம் போய் விழுந்தது. செண்பகவல்லி அலறினார். வேன்காரர் வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தார்.

"அட, போல்ட்தான் லூஸா!"

ஸ்பேனரால் நாலு முறுக்கு முறுக்கினார். செண்பகவல்லி இரண்டு கையாலும் சீட்டை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இதுக்கா மூணு வருஷம்?" என்றபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

வண்டி கவிழவில்லை. மதியம் டீ போடும்போது அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வேன்காரர் சுற்றிலும் பார்த்து, கீழே கிடந்த அட்டையை எடுத்து அடுப்புக் காலுக்கு அடியில் செருகினார்.

"எத்தனை நாளைக்குண்ணே?" என்று கேட்டது அடுப்பு.

"நாளைக்குப் போயிடுவேன்," என்றது அட்டை, நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டு.