படுதா

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஆட்டோவின் கண்ணாடியில் சாரல் பொடிப்பொடியாக ஒட்டுகிறது. ஓட்டுகிற ஆறுமுகநயினாரின் இடது குதிகால் புண்ணுக்குப் போட்டிருக்கும் கட்டில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி துருத்திக்கொண்டிருக்கிறது. "அருவிப் பாறையில பாசி பிடிச்ச மாதிரி கிருமி புண்ணுல அப்பிக் கெடக்கு அண்ணாச்சி. மாத்திரைக்கெல்லாம் கேக்காது. இந்தக் கட்டுல ஓடுத கரண்டு அதைக் கரைச்சிரும்" என்று சொல்லி நர்ஸ் முதல் கட்டைப் போட்டு மூன்று வாரமாகிறது. கட்டுக்குள் லேசாகக் குறுகுறுக்கிறது. அந்தக் குறுகுறுப்பு அவருக்குப் பிடித்திருக்கிறது. பின்சீட்டில் இசக்கிசெல்வி, குற்றாலத்து லாட்ஜில் வேலை பார்ப்பவள், தினமும் இதே வண்டிதான். சீசன் தொடங்கிய நாளிலிருந்து எவ்வளவு சாரல் அடித்தாலும் பக்கத்துப் படுதாவை இறக்கவிடமாட்டாள். "காத்து வரட்டும் அண்ணாச்சி" என்று முகத்தை வெளியே நீட்டி நனைந்துகொண்டே வருவாள். புண்ணின் நாற்றத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் எதற்காக நனைகிறாள் என்று அவருக்கும் தெரியாமலில்லை. இலஞ்சி விலக்கு தாண்டியதும் சாரல் வலுக்கிறது. "சேலையெல்லாம் நனையுது அண்ணாச்சி, படுதாவை எறக்கிருதேன்" என்கிறாள். அவர் வேகத்தைக் குறைக்கிறார். படுதா இரண்டு பக்கமும் சடசடவென்று விழுகிறது. அடைத்த வண்டிக்குள் அவள் தலையிலிருக்கும் பிச்சிப்பூ மட்டும் மணக்கிறது.