எதிர்ப்பக்கம்

என் மனைவி பியாட்ரிஸின் அண்ணனுடைய பைக் அது. அலாய் வீலில் ஒரு கீறல் விழுந்தால் கிறிஸ்துமஸ் வரை அதையே பேசுவார். நானே டயர் மாற்றித் தருகிறேன் என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டேன்.

எங்கள் லிங்கராஜபுரம் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கழற்றித் தரையில் படுக்கப் போட்ட முன் சக்கரத்தில், ரிம்மில் கீறல் விழாமலிருக்க, நெம்பும் லீவர் படும் இடத்திலெல்லாம் பிளாஸ்டிக் ஆயில் டப்பாவை வெட்டிச் செருகினேன். புது டயரில் கடைசி ஒரு சாண் மட்டும் ரிம்முக்குள் போகவில்லை. இந்தப் பக்கம் நெம்பினால் எதிர்ப்பக்கம் எழும்பியது. அங்கே ஒருவர் முட்டி போட்டு இரண்டு கையாலும் அமுக்க வேண்டும்.

"பியா, வந்து கொஞ்சம் அமுக்கேன்" என்று கூப்பிட்டேன்.

எதிர்ப்பக்கம் அமுங்கியது. டயரைச் சுற்றி ஒரு சொம்பு சோப்புத் தண்ணீரை ஊற்றி, குனிந்தபடியே நெம்பினேன். டயர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ரிம்மைத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

பியாட்ரிஸ் பால் பாக்கெட்டோடு கேட்டைத் திறந்து வந்தாள்.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. நீ எப்போ கடைக்குப் போன?"

"அரை மணி ஆகுதுங்க. யாரு அமுக்கிப் பிடிச்சாங்க?"

தரை முழுக்க ஈரம். எதிர்ப்பக்கத்தில் மட்டும், அடுத்தடுத்து, முட்டி அளவுக்கு இரண்டு வட்டங்கள் நனையாமல் காய்ந்திருந்தன.

பின் சக்கரம் இன்னும் பாக்கி. சிமென்ட் தரை முட்டியில் உறுத்தும். ஒரு கோணியை நாலாக மடித்து அந்த வட்டங்கள் இருந்த இடத்தில் போட்டேன்.