ஆறு முடியும் இடம்

"இன்னும் கொஞ்சம் உள்ள போம்மா" என்றார் மேலதிகாரி போனில்.

உள்ளே என்றால் எங்கே? பாட்டிலம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். படகு ஏற்கெனவே ஏரியின் நட்டநடுவில் நின்றது.

தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. வாரம் தவறாமல் காலி பாட்டில்களைச் சுமந்துகொண்டு வருவதால் கரையில் எல்லாருக்கும் பாட்டிலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் உண்டு.

நகரத்துச் சாக்கடை, சாயப்பட்டறைக் கழிவு, கசாப்புக் கடை மிச்சம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து ஆறு இந்த ஏரியில்தான் கொட்டுகிறது. ஏரித் தண்ணீர் கெட்டுவிட்டது என்று ரிப்போர்ட் ஏறினால் குடிநீர் பம்பை நிறுத்திவிடலாம். அவளும் எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனதுதான் மிச்சம்.

முதல் ரிப்போர்ட் திரும்பி வந்தது. ஆறு வந்து விழுகிற இடத்தில் எடுத்திருக்கிறாய், அது ஆற்றுத் தண்ணீர், செல்லாது என்றார் சார். சரி, நியாயம்தானே என்று நூறு மீட்டர் தள்ளிப் போய் எடுத்தாள். அங்கேயும் கறுப்பு. கறுப்பாக இருக்கிற வரைக்கும் ஆறுதான் என்றார். முந்நூறு மீட்டர் போனாள். அதே பாட்டு. அறுநூறு போனாள்.

இவள் நகர நகர ஆறும் பின்னாலேயே நகர்ந்து வந்தது.

அதற்குள் அக்கா வீட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அந்தத் தெருவுக்கு இந்த ஏரித் தண்ணீர்தான். அக்காவின் சின்ன மகளுக்கு மூன்றாவது நாளாகக் குளுக்கோஸ் ஏறுகிறது. காய்ச்சிக் கொடு என்று பாட்டிலம்மா சொல்லப்போக, சாயத்தைக் காய்ச்சினால் போய்விடுமா என்று கேட்டாள் அக்கா.

ஏரிக்குள் நின்று ஊருக்குத் தண்ணீர் உறிஞ்சும் குடிநீர்க் கோபுரம் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேலே பம்ப் ஆபரேட்டர் கம்பியில் சாய்ந்து நின்றார். பாவம், அவரும் நல்ல மனுஷன்தான். எழுத்தில் ஏதாவது கொடுங்கள், இப்போதே நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவரும் மூன்று வாரமாகப் புலம்புகிறார்.

அவள் பாட்டிலை முக்கி எடுத்தாள். கறுப்பு. கோபுரத்தின் கால்களைச் சுற்றிலும் நுரை.

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இதுக்கு மேல உள்ள போனா அந்தக் கரை வந்துடும் சார். கோபுரத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன். இங்கயும் கறுப்பாத்தான் இருக்கு."

"கறுப்பா இருந்தா அது ஏரி இல்லம்மா, ஆறு. உனக்கு எத்தனை தடவை சொல்றது? ஆறுன்னே எழுது. நான் சொன்னேன்னே எழுது."

எழுதினாள். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. குடிநீர்க் கோபுரம் நிற்கும் இடம்: ஆறு. சொன்னவர்: மேலதிகாரி. நேரம்: காலை பதினொன்று பத்து. கையெழுத்துப் போட்டு நகலைக் கிழித்து மேலே நீட்டினாள்.

ஆபரேட்டர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு திரும்பி, பம்பு அறைக் கதவில் துருப்பிடித்துத் தொங்கிய தகரப் பலகையைப் பார்த்தார். இருபது வருஷமாக அதன் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர், இன்றைக்குத்தான் அதை வாய்விட்டுப் படித்தார்.

'இங்கு ஏரி நீர் மட்டுமே எடுக்கலாம். ஆற்று நீர் வந்தால் பம்பை உடனே நிறுத்த வேண்டும்.'

பாட்டிலம்மா அதை எப்போதோ படித்துவிட்டாள். ஆறு இங்கே வந்து சேரத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

ஆபரேட்டர் உள்ளே போனார். மூன்று பம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின.

"என்னம்மா, திடீர்னு சத்தத்தையே காணோம்?" என்றது போன்.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். படகோட்டியிடம் படகைத் திருப்பச் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிடுவாள், குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது, என்ன வேலை பார்க்கிறாய் நீ என்று கிழிகிழியென்று கிழிப்பாள்.

கிழிக்கட்டும்.