இன்றைக்கே கேட்க வேண்டிய சைரன்

“சைரன் போட்டா ஹெட்லைட் மங்கிப் போகுது. ஹெட்லைட் போட்டா சைரன் முனகுது. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல போல அண்ணி!” என்று பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து கத்தினான் கால்மெட்.

“ஃபியூஸ் எல்லாம் பார்த்துட்டியா?”

“பார்த்துட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப வெளிய வா. பானெட்டைத் தூக்கு” என்றாள் லெய்வியா.

நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போன எப்பி தீவு ஆண்கள் சேர்ந்து வாங்கி, கப்பலில் அனுப்பிய பழைய வண்டி அது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர, ஆம்புலன்ஸாக மாற்றுவதென்று ஊர் முடிவு செய்திருந்தது. பின்பக்கம் கூண்டு கட்டி மெத்தை போட்டாயிற்று. மேலே சுழல் விளக்கும் சைரனும் மாட்டியது லெய்வியாதான். தலைநகர் போர்ட் விலாவில் பஸ்களுக்கு வயரிங் செய்து பழகியவள். அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

இன்று மட்டும் அவள் நின்ற இடத்திலிருந்தே ஏவிக்கொண்டிருந்தாள். குனிவது, படுப்பது, நுழைவது எல்லாம் கொழுந்தன் கால்மெட்டின் பாடு.

“அண்ணன் ஆப்பிள் பறிக்க ஓடினதே நீங்க வாங்கற வேலைக்குப் பயந்துதான்” என்று பானெட்டைத் தூக்கினான் அவன்.

“உங்க அண்ணனாவது சொன்ன வேலையைப் பேசாம செய்வார்.”

தேவாலயத்துப் பக்கமிருந்து ஊர்த் தலைவர் ஓபெத் வந்தார். “லெய்வியா, விட்டுடும்மா. திங்கட்கிழமை கப்பல்ல போர்ட் விலா மெக்கானிக் வரான். அவன் பார்த்துக்கட்டும்.”

லெய்வியா விருட்டென்று திரும்பினாள். “அவன் யாரு தலைவரே? நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்ல எனக்கு ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தவன்! இந்த வண்டியில நான் மாட்டின வயரை அவன் தொடறதா? இன்னிக்கே முடிப்பேன். இருட்டறதுக்குள்ள முடிப்பேன்.”

“அப்படி என்ன அவசரம்?”

அவள் முன்பக்க பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்றாள்.

“உஸ்! பேசாதீங்க. அண்ணி யோசிக்கிறாங்க” என்று கிசுகிசுத்தான் கால்மெட்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. “டெஸ்ட் லைட்டை எடு. முனையை பேட்டரி பிளஸ்ல வை. கிளிப்பை மைனஸ்ல மாட்டு.”

பளிச்சென்று எரிந்தது.

“இப்ப கிளிப்பை மட்டும் கழட்டி, அந்த ஓரத்து போல்ட்ல மாட்டு. ஹெட்லைட் எர்த் வயரும் சைரன் எர்த் வயரும் அங்கதான் சேருது.”

கால்மெட் மாட்டினான். எரியவில்லை. அழுத்திப் பார்த்தான், அசைத்துப் பார்த்தான். மினுக்கென்று ஒரு துளி வெளிச்சம் வந்து செத்தது.

லெய்வியாவின் முகம் மலர்ந்தது. “மாட்டிக்கிச்சு! ஒரே போல்ட், அதுலயும் எர்த் இல்ல. அதான் ஒண்ணு வழியா ஒண்ணுக்குக் கரண்ட் ஓடுது. வண்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சது யாரு?”

“நானேதான்” என்றார் ஓபெத் நெஞ்சை நிமிர்த்தி. “ஒரு மூலை விடல. போல்ட்டைக்கூடக் கழட்டி அடியிலயும் அடிச்சேன்.”

“வயர் இரும்பைத் தொடணும் தலைவரே. அது உங்க பெயிண்ட்டைத் தொட்டுக்கிட்டு நிக்குது!”

கால்மெட் சிரித்த சிரிப்பில் தலை பானெட்டில் இடித்தது. தலைவரின் முகம் சுருங்கியது.

“பெயிண்ட் அருமையா இருக்கு” என்று உடனே சமாதானம் செய்தாள் லெய்வியா. “ஒரு நகம் அளவு மட்டும் சுரண்டிக்கறோம்.”

கால்மெட் கத்தியால் சுரண்டினான். அடியில் இரும்பு பளபளத்தது. அவன் போல்ட்டை முடுக்கும்போது லெய்வியா மறுபடியும் பம்பரைப் பிடித்தாள். இந்தத் தடவை வெகுநேரம் நின்றாள்.

“இப்ப என்ன அண்ணி யோசனை? அதான் முடிஞ்சிருச்சே.”

“ரெண்டையும் சேர்த்துப் போடு” என்றாள் பல்லைக் கடித்தபடி.

ஹெட்லைட் தேவாலயச் சுவரில் வெள்ளையாய் அடித்தது. கூடவே சைரன் அலறியது. பன்றிகள் புதருக்குள் பாய்ந்தன. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஈரத் துணியோடு ஓடி வந்தார்கள். குழந்தைகள் வண்டியைச் சுற்றிக் குதித்தார்கள்.

லெய்வியா தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “போர்ட் விலாவுக்குச் சொல்லி அனுப்புங்க. மெக்கானிக் வர வேண்டாம்னு!”

ஓபெத் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஊர் மானத்தைக் காப்பாத்திட்டியேம்மா. ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ணினதும் வண்டியை ஓட்டலாம். இப்பத்தான் ஊர்ல யாருக்கும் ஒரு காய்ச்சல்கூட இல்லையே.”

லெய்வியா கையை விடுவித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கதவைத் திறந்து, மெதுவாக ஏறி, மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

“மெத்தையும் டெஸ்டிங்கா அண்ணி?” என்று சிரித்தான் கால்மெட்.

“காலையில இருந்து இடுப்பு வலிடா! முன்னாடியே சொல்லியிருந்தா என்னைப் பாயில படுக்க வெச்சிருப்பீங்க, அப்புறம் வண்டியை யார் சரி பண்றது?” என்றாள் லெய்வியா, நிறைமாத வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு. “சைரனைப் போட்டு வண்டியை எடு, உங்க அண்ணன் பிள்ளை அம்மா மாட்டின சத்தத்தைக் கேட்டுக்கிட்டே பொறக்கட்டும்!”