மூன்றாவது இலை

பர்மாவிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த எங்கள் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். மீனாள் அத்தையின் கடைசித் தம்பி சோலை, பாதி வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவன். ஐந்து வயதுப் பிள்ளையைச் சாகடிக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு மலைவாசிப் பெண் அவனைத் தோளில் தூக்கிப்போய்க் காப்பாற்றுவதாக எழுதிவிட்டேன். பதிப்பாசிரியருக்கு அது பிடிக்கவில்லை. "நம்புற மாதிரி இல்லைங்க, பையன் சாகட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாற்றுவதற்கு முன் அத்தைக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டவள், "அந்தப் பொம்பள தூக்குற எடத்த இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன்.

மறுநாள் ஆடி அமாவாசை. தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் இலை போட்டுச் சோறு படைத்தாள். வழக்கமாக அவற்றின் பக்கத்தில் சோலைக்கென்று சின்னதாக ஓர் இலை இருக்கும், அதில் அதிரசமும் இருக்கும். இந்தமுறை அந்த இலை கழுவிச் சுவரோரம் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது.

"அத்தை, சோலைக்கு?"

"உசுரோட இருக்கவனுக்கு யாராச்சும் படையல் போடுவாகளா?" சூடத்தை ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பெறகு என்னாச்சு அவனுக்கு? பள்ளிக்கொடம் போனானா?"

கையில் தொலைபேசி அதிர்ந்தது. பதிப்பாசிரியர்தான். நான் எழுதியிருந்தவரையில், சோலை இன்னும் அந்தப் பெண்ணின் தோளில்தான் இருந்தான்.