எரிக் பேரில் ஒரு காலிப்பர்

"சார், நீங்க தேடின சாமான் மல்லப்பன் கடைக்கு வந்திருக்காம். ஒரே ஒரு செட். ஆனா எரிக்னு ஒருத்தர் புக் பண்ணிட்டாராம், கடைப் பையன் சொன்னான்" என்றான் மெக்கானிக் செந்தில்நாதன்.

மாணிக்கவாசகத்துக்குச் சுரீரென்றது.

எரிக், எதிர் வீட்டுக்காரர். இவரிடம் இருக்கும் அதே பழைய மாடல் கார்தான் அவரிடமும். போன வருஷம் பார்க்கிங் தகராறில் நின்ற பேச்சு, நின்றதுதான்.

இவர் காரின் பின் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் காலிப்பர் இரண்டும் இறுகி, ஒரு மாதமாக வண்டி நகரவில்லை. மைசூரில் செந்தில்நாதன் போன் போட்டுக் கேட்காத கடை இல்லை. வெள்ளிக்கிழமை மாதேஸ்வரன் மலையில் பேத்திக்கு மொட்டை. பிரேக் இல்லாமல் அந்த மலையில் எப்படி இறங்குவது?

"அவன் வண்டி ஜம்முனு ஓடுது. எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னே புக் பண்ணியிருக்கான்!" என்று மனைவி ராணியிடம் பொரிந்தார்.

"நேர்ல கேட்டா குடுத்துடுவாருங்க."

"அவன்கிட்ட நான் போய் நிக்கணுமா?"

மனைவி பதில் சொல்வதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார்.

கடையில் காலிப்பர் கேட்டு வந்து நின்றவரிடம், "யாருங்க சார்?" என்றார் மல்லப்பன்.

பள்ளிக்கூடத்தில் தினமும் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டுகிற வாய் கொஞ்சமும் குளறவில்லை.

"எரிக்."

"ஹௌதா! அப்படியா! போன்லயே பேசிட்டிருந்தோம், இன்னிக்குத்தான் முகத்தைப் பாக்கறேன்!" மல்லப்பன் எழுந்து கை குலுக்கி, பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

மாணிக்கவாசகம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"சார், ஒரு நிமிஷம். அவருக்கு நான் இன்னும் சொல்லலையே?"

"எவருக்கு?"

"உங்க எதிர் வீட்டு வாத்தியாருக்குத்தான். பேத்தி மொட்டைக்குக் கார் இல்லாம தவிக்கிறார்னு கோயமுத்தூர் வரைக்கும் தேடிப் பிடிச்சு வரவழைச்சீங்க. உங்க பேரைச் சொன்னா வாங்க மாட்டார், கடை குடோன்ல கிடந்ததுன்னு சொல்லுங்கன்னீங்க. இப்ப நீங்களே எடுத்துட்டுப் போனா எப்படி?"

மாணிக்கவாசகம் கக்கத்துப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இருங்க, நீங்க குடுத்த நம்பர் இருக்கு. உங்க முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்று மல்லப்பன் போனைக் காதில் வைத்தார்.

'எரிக்'கின் சட்டைப் பைக்குள் போன் அலறியது.