பிரமிடா, இடுக்கா?

"ஒரு ஆள் அகலம்தான் சார். சில இடத்துல அதுவும் கிடையாது. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கணும்," என்றான் அசோகன். சொன்னதோடு நிற்காமல் சோபாவிலிருந்து எழுந்து நடந்தும் காட்டினான்.

சுவாமிநாதன் குனிந்து தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டார். "நான் நடுவுல மாட்டிக்கிட்டா?"

"பின்னாடியே வருவேன் சார். ஒரே தள்ளு, வெளியே வந்துடுவீங்க."

இருவரும் ஜெர்மன் நகரமான எர்லாங்கனில் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு எகிப்து போவதாக ஏற்பாடு. சினாய்ப் பாலைவனத்தை ஒட்டிய கடற்கரையில் அறை பிடித்தாகிவிட்டது. கடலில் கால் நனைத்தது போக, வெளியே சுற்ற ஒரு நாள்தான் மிஞ்சுகிறது. அந்த ஒரு நாளை என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை அசோகன் வீட்டில் மாநாடு.

சுவாமிநாதனின் மனைவி வத்சலாவுக்கு விமானத்தில் கெய்ரோ போய்ப் பிரமிடு பார்க்க வேண்டும். அசோகனுக்கோ பாலைவனத்து மலை ஒன்று பிளந்து கிடக்கும் இடுக்குக்குள் நுழைந்து வர வேண்டும். நான்கு பேர் சேராவிட்டால் ஜீப்காரன் அங்கே வரமாட்டானாம். அதனால் இவர்களை விட்டுவிட்டுப் போகவும் அசோகனுக்கு வழியில்லை.

"விடிகாலையில கிளம்பறோம். ஜீப் இடுக்கு வாசல்ல இறக்கிவிட்டுடும். அப்புறம் நாள் பூரா நடைதான். ஒரு இடத்துல பெரிய பாறை வழியை அடைச்சிருக்கும், அடியில தவழ்ந்து போகணும். இன்னொரு இடத்துல கயிறு பிடிச்சு இறங்கணும். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஜில்லுன்னு இருக்கும். தூரத்துல எங்கேயாவது மழை பெய்ஞ்சாக்கூட உள்ளே வெள்ளம் வந்துடுமாம், அதனால முதல் நாளே விசாரிச்சுக்கறேன். தண்ணி, ஆரஞ்சு, கயிறு எல்லாம் என் பொறுப்பு. நீங்க உடம்பை மட்டும் கொண்டு வந்தாப் போதும் சார்."

"அதைக் கொண்டு வர்றதுதானே அவருக்குக் கஷ்டம்," என்றாள் வத்சலா. "ஏன் அசோகன், ரெண்டு சுவருக்கு நடுவுல நசுங்கிக்கிட்டு நடக்க எகிப்து எதுக்கு? திருவல்லிக்கேணியில எங்க சந்துக்கு வாங்க. எதிர்ல மாடும் வரும்."

சுவாமிநாதன் குலுங்கிச் சிரித்தார். அசோகன் மேசையிலிருந்த இடுக்குப் படத்தை அவர் பக்கம் நகர்த்தினான். மனிதர் மனைவி பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"கல்லு எப்படி இருக்குமாம்? சொரசொரப்பாவா, வழவழப்பாவா?" சமையலறையிலிருந்து அவன் மனைவி அம்பிகாவின் குரல் வந்தது. கூடவே வடை மணமும் வந்தது.

"தண்ணி ஓடி ஓடித் தேய்ஞ்ச கல்லு. அலை அலையா, வழவழன்னு இருக்குமாம்."

"குரல் கொடுத்தா எதிரொலிக்குமா?"

"ஒரு தடவை பாடினா நாலு தடவை கேட்குமாம்."

"அப்ப நான் பாடத்தான் போறேன். சாருக்குத்தான் கஷ்டம், ஓடவும் முடியாது."

அம்பிகா ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. குளிரும் காய்ச்சலுமாக எங்கும் வெளியே வராததால் சுவாமிநாதன் தம்பதி அவளை இன்னும் நேரில் பார்க்கவில்லை. இன்றைக்கும் அவர்கள் உள்ளே நுழைந்தபோது, "கையெல்லாம் மாவு, உட்காருங்க, வந்துடறேன்" என்ற வரவேற்பு மட்டும்தான் வந்தது.

"பாவம், தனியா செய்யறாங்களே, நான் போய்க் கொஞ்சம் உதவி பண்றேன்," என்று வத்சலா எழுந்தாள்.

"வேண்டாம்க்கா, உட்காருங்க. சமையலறையில இன்னொருத்தர் கை வெச்சா அவளுக்குப் பிடிக்காது," என்று அசோகன் அவசரமாகத் தடுத்தான்.

வத்சலா மனமில்லாமல் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. "புதுசா வந்த பொண்ணைப் பொந்துக்குள்ள கூட்டிட்டுப் போறேங்கறீங்க. அவளுக்கு என்ன ஆசைன்னு கேட்டீங்களா?"

"இது அவ ஆசைதான்க்கா."

"எல்லா ஆம்பளைங்களும் இதைத்தான் சொல்வாங்க. சரி, அவளே வரட்டும். அவ எதைச் சொல்றாளோ அங்கே போவோம். சம்மதமா?"

அசோகன் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தான். "சம்மதம்."

வத்சலா பாதி ஜெயித்துவிட்ட தெம்போடு கைப்பையைத் திறந்து பிரமிடு படத்தை எடுத்தாள். செக்கச் சிவந்த வானம், வரிசையாக ஒட்டகங்கள், கண்ணைப் பறிக்கும் படம். மேசையில் கிடந்த அசோகனின் படத்தில் பழுப்பாக இரண்டு பாறைச் சுவர்களைத் தவிர எதுவும் இல்லை. ஊர் உலகம் பார்க்க ஆசைப்படும் எந்தப் பெண் இதைக் கேட்பாள்?

அம்பிகா வடைத் தட்டோடு சிரித்த முகமாக வந்தாள். வத்சலா இரண்டு படங்களையும் அவளுக்கு எதிரே நீட்டினாள். "நீயே பார்த்துச் சொல்லும்மா. இதுவா, அதுவா?"

அம்பிகா படங்களை வாங்கவில்லை. விரல்களால் மேசை விளிம்பைத் தேடித் தொட்டு, தட்டை அதன்மேல் வைத்தாள்.

"இவரைத் திட்டாதீங்கக்கா. முன்னாடியே சொன்னா பாவம் பார்த்துச் சரின்னுடுவீங்கன்னு, சொல்லவேண்டாம்னது நான்தான்," என்றாள். "கல்யாணமான புதுசுல கொடைக்கானல் போனோம். எல்லாரும் மலையைப் பார்த்து ஆஹான்னாங்க, எனக்குக் குளிர் மட்டும்தான் கிடைச்சுது. கண்ணு தெரியாதவளும் ரெண்டு கையை விரிச்சுப் பார்க்கற மாதிரி ஒரு மலை இருக்குன்னு இவர் வந்து சொன்னதிலேருந்து எனக்குத் தூக்கமே வரலைக்கா."